சிங்காரம் அண்ணனின் முகம்

போன மாதம் ஒப்பனைத் தொழிலில் இருக்கும் இரண்டு இளைஞர்கள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருவர் கைபேசியில் ஒரு காட்சியைக் காட்டினார். பாதிப் படத்தில் இறந்துபோன ஒரு நடிகரின் முகத்தை வேறொருவர் உடம்பின் மேல் கம்ப்யூட்டரிலேயே பொருத்தியிருக்கிறார்கள். எங்கே ஒட்டியிருக்கிறது என்று என் கண்ணுக்கே தெரியவில்லை. "உங்க காலத்துல இப்படி ஒரு தேவை வந்திருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டார்கள். ஒருமுறை வந்தது என்றேன். கொஞ்சம் சொன்னேன். அவர்கள் போன பிறகு, சொன்னது போதாது என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நான் கமுதிப் பக்கத்துக்காரன். அய்யா சவரத் தொழில் செய்தவர். சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து மதராசுக்கு ரயிலேறினேன். ஒரு ஸ்டுடியோவின் ஒப்பனை அறையில் பிரஷ் கழுவினேன், விக்குக்கு முடி கோத்தேன், பிறகு கூட்டத்தில் நிற்பவர்களுக்குப் பவுடர் பூசினேன். அதில் சில வருஷங்கள் போயின. அதன் பிறகு கோதண்டம் மாஸ்டர் என்னைத் தன் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்.

மாஸ்டர் அதிகம் பேச மாட்டார். காலையில் பெட்டியைத் திறந்து வெள்ளைத் துணி விரித்து, சாமான்களை எடுத்து வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் வலப்பக்கம் போய் நிற்பார். "தொடலாமா?" என்று கேட்பார். பெரிய நடிகராக இருந்தாலும், கூட்டத்தில் பின்னால் நிற்கும் கிழவியாக இருந்தாலும் அந்தக் கேள்வி உண்டு. அவர்கள் தலையசைத்த பிறகுதான் விரல் முகத்தில் படும். யாருடைய முகத்தைப் பற்றியும் அவர் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஒருமுறை நான் ஒரு நடிகையின் கன்னத்தைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தேன். அன்று முழுக்க அவர் என்னிடம் பஞ்சைக்கூடக் கேட்டு வாங்கவில்லை. எல்லாவற்றையும் அவரே எடுத்துக்கொண்டார்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சிரிப்புப் படம் எடுத்தார்கள். அதன் பெயர் இங்கே வேண்டாம். கதை இதுதான்: ஊர்சுற்றி ஒருவனுக்குக் குடும்பம் இல்லை என்று யாரும் வீடு வாடகைக்குத் தர மறுக்கிறார்கள். அவன் ஒரு வயசாளியைப் பிடித்து அப்பா என்கிறான். தெருவில் திரிந்த ஓர் அனாதைச் சிறுமியைத் தங்கை என்கிறான். மூவரும் பொய்க் குடும்பமாக ஒரு வீட்டில் குடியேறி, வீட்டுக்காரரிடம் மாட்டாமல் இருக்கப் படும் பாடுதான் படம் முழுக்க. கடைசியில் அந்தக் கிழவர், தான் மற்ற இருவருக்கும் பாரம் என்று நினைத்து ஒரு படகில் ஏறிக் கிளம்பிவிடுவார். சிறுமி கரையில் ஓடிவந்து "அப்பா" என்று கூப்பிடுவாள். அவர் திரும்புவார். ஊர்சுற்றி அவசரத்தில் படகில் தொற்றி ஏறப் படகு கவிழும். மூவரும் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து சிரிப்பதோடு படம் முடியும்.

அந்தக் கடைசிக் காட்சிக்காகத்தான் தேவிபட்டினத்துக்கு வந்தோம். அங்கே கடல் ஆழமில்லாமல் வெகுதூரம் கிடக்கும். அலையும் இருக்காது. கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலுக்கு வரும் யாத்திரீகர்கள் கூட்டம் போடாதபடி, கோயிலுக்குத் தெற்கே தள்ளி ஒரு கரையைப் பிடித்திருந்தார்கள். எனக்கு ஊர்ப்பக்கம் என்பதால், உள்ளூர் ஆட்களிடம் பேசுகிற வேலையும் என் தலையில் விழுந்தது.

கிழவர் வேஷம் சிங்காரம் அண்ணனுக்கு. நாடகக் கம்பெனியில் வளர்ந்த நடிகர். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்காது. மனைவி இறந்துவிட்டிருந்தார். பத்து வயது மகள் வசந்தாவை எங்கே போனாலும் உடன் அழைத்து வருவார். அந்தப் படத்தில் அனாதைச் சிறுமியாக நடித்தது வசந்தாதான். சொந்த அப்பாவை யாரோ ஒரு கிழவராக நினைத்து நடிக்க வேண்டும். அதை இருவரும் ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். மேக்கப் முடிந்து அவர் எழுந்ததும் வசந்தா "யார் தாத்தா நீங்க, எங்கப்பாவைப் பாத்தீங்களா?" என்று கேட்பாள். அவர் தேடுவதுபோல் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்ப்பார்.

அவரைக் கிழவராக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். முகத்தில் எண்ணெயை மெல்லத் தடவி, துணியால் ஒற்றியெடுத்து, மேலே பூச்சுக் கொடுப்போம். கன்னத்தை உள்ளே இழுக்கச் சொன்னால் எங்கே பள்ளம் விழுகிறதோ அங்கே கருமை, அதன் கரையில் வெளுப்பு. நெற்றியைச் சுருக்கச் சொன்னால் எந்தக் கோடு விழுகிறதோ அதன் மேல்தான் கோடு எழுத வேண்டும். வேறு இடத்தில் எழுதினால் அவர் பேசும்போது முகம் இரண்டாகப் பிரிந்து தெரியும். கடைசியில் நரைத்த விக்கும், பசை போட்டு ஒட்டும் வெள்ளை மீசையும். கடற்காற்றில் பசை சீக்கிரம் இளகிவிடும். அதனால் மீசையை மட்டும் படகுக்குப் பக்கத்தில் போய் ஒட்டுவோம்.

படகு காதர் மரைக்காயருடையது. அறுபது வயதைத் தாண்டியவர், நெடிய ஒல்லியான ஆள். மார்பு வரை வெள்ளைத் தாடி. முன்பு சிலோனுக்குத் தோணி ஓட்டியவர். பாஸ்போர்ட், விசா என்று வந்த பிறகு அந்தப் போக்குவரத்து குறைந்து, கரையோரம் வத்தை என்கிற சின்னப் படகை வைத்து மீன்பிடித்துக்கொண்டிருந்தார். மகன்கள் இருவரும் கொழும்பில் கடைகளில் வேலை. வீட்டில் அவரும் மனைவி மைமூன் பீவியும்தான். சினிமாவுக்குப் படகைக் கொடுத்ததே மரைக்காயரின் கூடப்பிறந்த அண்ணனுக்குப் பிடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. காட்சியில் படகின் முன்முனையான அணியத்தில் சிங்காரம் அண்ணன் கம்பு ஊன்றுவதுபோல நடிப்பார். காமிரா பார்க்காத பக்கத்தில் மரைக்காயர் இடுப்பளவு நீரில் நின்று படகைத் தள்ளுவார்.

இரண்டாம் நாள் காலையிலேயே அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். வாயு என்று சொல்லி ஒரு சோடா குடித்தார். கறுப்புக் கம்பளிக் கோட்டு, விக்கு, முகம் முழுக்கப் பூச்சு, மேலே வெயில். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு ஷாட் எடுத்துவிடலாம் என்றார் டைரக்டர். படகு நகர்ந்தது. அண்ணன் கம்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் மார்பைப் பிடித்துக்கொண்டு, வாயைக் கோணிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். கரையில் நின்ற நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சும்மா இருக்கும் நேரத்தில் ஏதாவது சேஷ்டை செய்து எங்களைச் சிரிக்க வைக்கிறவர் அவர். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தோம். வசந்தாவும் சிரித்தாள். மரைக்காயர் மட்டும் அவர் முகத்துக்கு மிக அருகில் நின்றிருந்தார். அவரைப் படகிலிருந்து தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு தண்ணீரைக் கிழித்தபடி கரைக்கு ஓடிவந்தார். அப்போதும் பின்னால் ஒருவர் கை தட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோகும் வழியிலேயே, கூட வந்த மரைக்காயரின் மடியில் முடிந்துவிட்டது. டாக்டர் பார்த்துச் சொன்னதும் அதே வேனில் திரும்பிக் கொண்டுவந்து, நாங்கள் தங்கியிருந்த சத்திரத்தின் பின்கட்டில் கிடத்தினார்கள்.

வசந்தா அறைக்குள் வந்து பார்த்தாள். அழவில்லை. "இது வேஷம். எங்க அப்பாவைக் காட்டுங்க" என்றாள். புரொடக்சன் மானேஜர் அவளைத் தேற்றுவதாக நினைத்து ஏதோ சொன்னார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். கோதண்டம் மாஸ்டர் அவரை நகரச் சொல்லிவிட்டு, "அரை மணி வெளியே இரும்மா. அப்பாவைக் காட்டறேன்" என்றார்.

எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். பெட்டியைத் திறந்து வெள்ளைத் துணியை விரித்தார். தேங்காய் எண்ணெய், பஞ்சு, ஸ்பிரிட், வெந்நீர். நான் எடுத்து வைத்தேன். வலப்பக்கம் போய் மண்டியிட்டு, "தொடலாமா சிங்காரம்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு வழக்கம்போலவே சற்று நேரம் பொறுத்திருந்தார். பிறகுதான் கை வைத்தார்.

உயிரோடு இருப்பவர் முகத்தில் மேக்கப் கலைப்பது எளிது. தோல் நமக்கு ஒத்துழைக்கும். உதட்டை இறுக்கச் சொன்னால் மீசை தானாகக் கிளம்பும். இங்கே பசை இறுகிவிட்டிருந்தது. ஸ்பிரிட்டைத் துளித்துளியாக ஊறவிட்டு, மயிர் மயிராக எடுத்தோம். இழுத்தால் தோல் வந்துவிடும் என்று மாஸ்டர் பயந்தார். விக்கை எடுத்தபோது உள்ளே அண்ணனின் கறுத்த தலைமுடி வேர்வையில் நனைந்தபடியே இருந்தது. அதை நான் துடைத்துச் சீவினேன். நெற்றிக் கோடுகளை எண்ணெய் விட்டுக் கலைத்தோம். கன்னத்துப் பள்ளத்துக்கு மாஸ்டர் வந்தார். துடைத்தார். பஞ்சில் கறுப்பு வந்தது. மறுபடி துடைத்தார். வந்துகொண்டே இருந்தது. பிறகு பஞ்சு வெள்ளையாக வந்தது. பள்ளம் அப்படியே இருந்தது.

"இது நம்ம போட்டது இல்லைடா" என்றார்.

அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. வெந்நீரில் முகத்தைக் கழுவி, விபூதி இட்டு, கோட்டைக் கழற்றி வேட்டி போர்த்தி, வசந்தாவைக் கூப்பிட்டோம். அவள் அருகில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். அதன் பிறகுதான் அழுதாள்.

மறுநாள் காலையில் தகனம். மதராசில் வசந்தாவின் பெரியம்மாவுக்குத் தந்தி போயிருந்தது. அவர் வரும்வரை அந்த வெயிலில் உடம்பு தாங்காது. கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லை. படத்தில் மகனாக நடித்தவரைக் கேட்டார்கள். தன் அப்பா உயிரோடு இருக்கும்போது இன்னொருவருக்குக் கொள்ளி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. மாஸ்டர் என்னைப் பார்த்து, "கத்தி வச்சிருக்கியா?" என்றார். சத்திரத்துக் கிணற்றடியில் அவர் தலையை நான் மழித்தேன். அவர்தான் கொள்ளி வைத்தார். அஸ்தியையும் அதே கடலில் கரைத்தார்.

சத்திரம் முழுக்க ஆண்கள். கூட வந்த நடிகைகள் தங்கள் காட்சி முடிந்து முன்பே போய்விட்டிருந்தார்கள். அன்று மதியம் மைமூன் பீவி தலையில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு சத்திரத்து வாசலில் வந்து நின்றார். என்னைக் கூப்பிட்டு, "இம்புட்டு ஆம்பளைக்கு நடுவுல இந்தப் புள்ள எங்கன படுக்கும்? அவுக பெரியம்மா வாற வரைக்கும் எங்க வீட்டுல இருக்கட்டும்" என்றார். மானேஜருக்கு அது ஒரு தொல்லை விட்டதுபோல இருந்தது. சரி என்றார்.

மைமூன் பீவி அவளுக்கென்று புதுச் சட்டி வாங்கி, தனியாகச் சோறும் கீரையும் ஆக்கிக் கொடுத்தாராம். முதல் நாள் வசந்தா அதையும் தொடவில்லை. இரண்டாம் நாள் அவர்கள் சாப்பிடும் இடத்துக்குத் தானே வந்து உட்கார்ந்து, அவர்கள் தட்டில் இருந்த மீனைக் கேட்டு வாங்கித் தின்றாள் என்று மரைக்காயர் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

படம் நின்றுபோயிருந்தது. டைரக்டர் சாப்பிடாமல் கிடந்தார். முடிவுக் காட்சி இல்லாமல் படத்தை யாரும் வாங்க மாட்டார்கள். எங்கள் எல்லோருடைய ஒரு வருஷப் பிழைப்பும் அதில் இருந்தது. தூரத்திலிருந்தும் முதுகுப்புறமாகவும் எடுத்தால், அண்ணன் உயரத்தில் ஓர் ஆளை வைத்து முடித்துவிடலாம் என்றார் காமிராமேன். மதராசிலிருந்து டூப் ஒருவரை வரவழைக்கலாம் என்று பேச்சு வந்தது. இதற்குள் பெரியம்மா வந்து சேர்ந்தார். அவர் கறாரான மனுஷி. "அவ அப்பன் ஆரம்பிச்சதை அவ முடிச்சுக் குடுக்கட்டும்" என்றார். ஆனால் வசந்தா முடியாது என்றாள். யார் கேட்டும் அசையவில்லை.

கடைசியில் மாஸ்டர் மரைக்காயர் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். வசந்தாவைச் சுற்றிவளைத்துப் பேசி மயக்க அவர் முயலவில்லை.

"உங்க அப்பா முகத்தை இன்னொருத்தர் மேல நான் போடணும். நீ வேண்டாம்னு சொன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிடறேன். உன்மேல யாரும் கோவிக்காம நான் பாத்துக்கறேன்."

அவள் யோசித்தாள். "யார் மேல போடுவீங்க?"

"இன்னும் தெரியாது."

"இவங்க மேலன்னா சரி" என்று மரைக்காயரைக் காட்டினாள்.

மரைக்காயர் திடுக்கிட்டுவிட்டார். வெளியே வந்து என்னிடம், தான் ஒரு சினிமாவைக்கூடப் பார்த்ததில்லை, ஐந்து வேளை தொழுகிறவன், ஊருக்குள் எப்படி நடமாடுவது என்றார். எல்லாம் நியாயமான பேச்சு. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. முதுகுப்புறம் எடுத்தாலும் பக்கவாட்டில் திரும்பும்போது அந்தத் தாடி தெரியும். அதை எடுக்காமல் காரியம் நடக்காது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாஸ்டர்தான் சொன்னார்.

மரைக்காயர் தாடியைத் தடவியபடி வீட்டுக்குள் போய்விட்டார். மறுநாள் காலைத் தொழுகை முடிந்து நேராகச் சத்திரத்துக்கு வந்தார். என் எதிரே உட்கார்ந்தார்.

"என் கையிலதான் அவரு உசிரு போச்சு தம்பி. போற நேரத்துல 'புள்ள, புள்ள'ன்னாரு. நான் பாத்துக்கிறேன்னுட்டேன். வேற என்னத்தச் சொல்றது அந்நேரம்? சொல்லியாச்சு. கத்திய எடுங்க."

எங்கள் வீட்டுத் தொழில் அது. எத்தனையோ தாடிகளை எடுத்திருக்கிறேன். அன்று கத்தியைத் தீட்டத் தீட்ட மனம் வரவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. முடிந்த பிறகு தாடையைத் தடவிப் பார்த்தார். உதிர்ந்த முடியைத் துணியில் பொறுக்கி முடிந்துகொண்டு, புதைத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

மாஸ்டர் அவர் வலப்பக்கம் நின்று "தொடலாமா?" என்று கேட்டார். விக்கு ஒன்றுதான் இருந்தது. மாற்று இல்லை. நான் அதை எடுத்து வந்தபோது மரைக்காயர், "இது அவரு தலையில இருந்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, வைங்க" என்றார். அண்ணனுக்கு ஒன்றரை மணி நேரம் போட்ட முதுமையில் பெரும்பகுதி இவருக்குத் தேவைப்படவில்லை. கன்னப்பள்ளமும் நெற்றிக்கோடும் அவருடையவையே இருந்தன. மூக்கின் சரிவை மாற்றினார், புருவத்தை இறக்கினார், மீசையை ஒட்டினார். கோட்டைப் போட்டு அவர் எழுந்து நின்றபோது லைட்பாய் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஷாட்டில் வசந்தா ஓடிவர வேண்டிய எல்லைக்கு ஒரு சிப்பியை மணலில் புதைத்திருந்தார்கள். டைரக்டர் குரல் கொடுத்ததும் படகு நகர்ந்தது. வசந்தா ஓடிவந்தாள். "அப்பா" என்று கூப்பிட்டாள். சிப்பியைத் தாண்டினாள். தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. கூப்பிட்டுக்கொண்டே போனாள். ஒத்திகையில் சொன்னபடி மரைக்காயர் முதுகைக் காட்டிக்கொண்டு பத்து வரை எண்ணிவிட்டுப் பக்கவாட்டில் மட்டும் திரும்ப வேண்டும். அவர் முதல் தடவை கூப்பிட்டதுமே திரும்பினார். முகம் முழுக்கக் காமிராவுக்குத் தெரிந்தது. டைரக்டர் கத்தினார். அவர் காதில் ஏறவில்லை. படகிலிருந்து குதித்துப் போய் அவளைத் தூக்கிக்கொண்டார். அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. என்ன பேசினார்கள் என்று கரைக்குக் கேட்கவில்லை. நாங்கள் யாரும் அருகில் போகவும் இல்லை.

அந்த ஷாட் உதவாது. மறுபடி எடுத்தார்கள். இரண்டாம் முறை வசந்தா சிப்பியில் சரியாக நின்றாள். மரைக்காயர் சரியாக எண்ணித் திரும்பினார். அடுத்து படகு கவிழ்ந்து மூவரும் சிரிக்கும் ஷாட். மரைக்காயர் முதுகு மட்டும் தெரியும். கதாநாயகர் தண்ணீரைத் துப்பி ஏதோ சேஷ்டை செய்தார். வசந்தா சிரித்தாள். இடைநிறுத்தம் இல்லாமல், டைரக்டர் போதும் என்று சொல்லும்வரை சிரித்தாள். ஒரே டேக்கில் ஓகே ஆயிற்று. அவர் போதும் என்று சொன்ன அந்த நொடியே சிரிப்பு நின்றது. அதன் பிறகு எத்தனையோ பெரிய நடிகைகளுக்கு மேக்கப் போட்டிருக்கிறேன். அப்படிச் சிரிப்பை நிறுத்தியவரைப் பார்த்ததில்லை.

மேக்கப் கலைக்க உட்கார்ந்தபோது வசந்தா ஈர உடையோடு வந்து, மாஸ்டர் கையிலிருந்த பஞ்சை வாங்கிக்கொண்டாள். மாஸ்டர் மறுக்கவில்லை. அவள்தான் எண்ணெய் தொட்டு அந்த முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தாள். மூக்கும் புருவமும் மாறி, தாடியில்லாத மரைக்காயரின் முகம் வெளியே வந்தது. அவர் குனிந்து உட்கார்ந்து அவளுக்கு எட்டும்படி முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பெரியம்மா அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வசந்தா வரமாட்டேன் என்று மைமூன் பீவியின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். மரைக்காயர்தான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "போயிட்டு வாம்மா. இவுக ஒன் சொந்தம். இது ஒனக்கு எப்பவும் இருக்கிற வீடு. எங்கனயும் போயிறாது" என்றார். வண்டி மறைந்த பிறகு அவர் வீட்டுக்குள் போகாமல் நேரே படகுக்குப் போனார். இரண்டு நாள் கரைக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

படம் நன்றாக ஓடியது. ஊரூராகச் சனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ராமநாதபுரம் பக்கம் ஒரு டூரிங் கொட்டகைக்கு அது வந்தபோது மைமூன் பீவி பக்கத்து வீட்டுப் பெண்களோடு போய்ப் பார்த்திருக்கிறார். நான் ஊருக்கு வந்திருந்தபோது சொன்னார்: "கடைசியில எல்லாஞ் சிரிக்குதுக. நான் முந்தானைய வாயில வச்சு அமுத்திக்கிட்டு இருந்தேன், தம்பி. எனக்கு இவுக முதுகு தெரியாதா?" மரைக்காயர் போகவில்லை. அவர் அண்ணன் அந்த நாளிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். தாடி பழையபடி வளர்ந்த பிறகும் பேசவில்லை. ஊரில் சிலர் அவருக்குக் கூத்தாடி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 

வசந்தாவைப் பெரியம்மா படத்துக்குப் படம் நடிக்க வைத்தார். சிரிக்கும் குழந்தை வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு உயரமாக வளர்ந்துவிட்டாள். குழந்தை வேஷமும் கிடைக்கவில்லை, பெரிய வேஷமும் வரவில்லை. கூட்டத்தில் ஆடும் பெண்களில் ஒருத்தியாக நின்றாள். ஸ்டுடியோவில் என் நாற்காலிக்கு வரும்போதெல்லாம் அவள் முதலில் கேட்பது, "வாப்பா எப்படி இருக்காங்க, ஊருக்குப் போனீங்களா அண்ணே?" என்றுதான். வாப்பா என்றால் அவர்கள் பேச்சில் அப்பா. அன்று தண்ணீரில் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு எந்த முறை சொல்லிக் கூப்பிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் ஊருக்குப் போகும்போது அவருக்குக் கைலி, மைமூன் பீவிக்குச் சேலை என்று ஏதாவது கொடுத்தனுப்புவாள். அங்கிருந்து எனக்குக் கருவாடு பொட்டலம் கட்டித் தருவார்கள். பெரியம்மாவின் கட்டுக்காவலில் அவள் நேரே போய்ப் பார்த்தது இரண்டு முறைதான்.

அறுபதுகளின் பிற்பாதியில் ஒருநாள், என் அய்யாவின் திவசத்துக்காக நான் ஊரில் இருந்தபோது, மரைக்காயர் முடியாமல் கிடக்கிறார் என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தேன். நினைவு வருவதும் தப்புவதுமாக இருந்தது. வசந்தாவுக்குத் தந்தி கொடுத்தேன். மறுநாள் விடிகாலையில் அவர் மவுத்தாகிவிட்டார். மகன்களுக்கும் தந்தி போனது. அவர்களால் கொழும்பிலிருந்து உடனே வர வழியில்லை.

அவர்கள் வழக்கத்தில் அடக்கத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி எல்லாம் தயாரானது. மரைக்காயரின் அண்ணன் வந்து முன்னால் நின்று காரியங்களைப் பார்த்தார். அத்தனை வருஷம் பேசாதவர், அன்று தம்பியின் பக்கத்திலேயே நின்றார். எடுக்கலாம் என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் உள்ளேயிருந்து மைமூன் பீவி, கொஞ்சம் பொறுங்க என்று சொல்லியனுப்பிக்கொண்டிருந்தார். யாருக்காக என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

காலை ரயிலில் இறங்கி, ராமநாதபுரத்திலிருந்து கிடைத்த வண்டியில் வசந்தா வந்து சேர்ந்தாள். கசங்கிய சேலை, சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டிருந்தாள். வாசலில் நின்ற ஆண்கள் வழிவிடவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, வளர்ந்துவிட்ட அவளை அங்கே யாருக்கும் அடையாளம் தெரியாது. அண்ணன் என்னைப் பார்த்து யார் இந்தப் பெண் என்று கேட்டார். நான் சொல்ல வாயெடுத்தேன். சினிமாவில் என்று தொடங்கியதுமே அவர் முகம் மாறியது. வெளிப்பெண்ணுக்கு மவுத்தானவர் முகத்தைக் காட்டுவது வழக்கமில்லை, வெளியே நின்று அவருக்காகத் துஆச் செய்துவிட்டுப் போகட்டும் என்றார். குரலில் கடுமை இல்லை. வழக்கத்தைச் சொன்னார், அவ்வளவுதான்.

வசந்தா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசற்படியருகே நின்றாள்.

உள்கதவுக்குப் பின்னாலிருந்து மைமூன் பீவியின் குரல் வந்தது. அழுது கம்மிய குரல். ஆனாலும் வாசல் வரை எல்லோருக்கும் கேட்டது.

"மச்சான், அது வெளிப் பொம்பள இல்ல. அவுக மக. மதராசுலருந்து வந்திருக்கு. நேத்தெல்லாம் நெனவு வாறப்ப எம்மவன் வந்தானான்னு கேக்கல, மக வந்துச்சான்னுதான் கேட்டாக. மொகத்தத் தொறந்து காட்டுங்க."

 அந்தப் பெரியவர் உள்கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மற்றவர்களை விலகச் சொல்லிவிட்டு, தானே குனிந்து முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினார். "வாம்மா" என்றார்.

வசந்தா உள்ளே போய்த் தலைமாட்டில் மண்டியிட்டாள். தொடவில்லை. பார்த்தாள். ஒரே ஒருமுறை "வாப்பா" என்றாள். அதற்குள் மைமூன் பீவி வந்து அவளைத் தோளோடு சேர்த்து உள்ளே கூட்டிப் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து நாங்கள் திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. எனக்கு அன்றே ரயில். ஸ்டுடியோவில் வேலை இருந்தது. அவளுக்கும் அந்த வாரம் ஒரு படத்தில் ஆட்டம் இருந்தது என்று எனக்குத் தெரியும். வாசலில் நின்று, வருகிறாயா வசந்தா, ஒன்றாகவே போய்விடலாம் என்று குரல் கொடுத்தேன்.

கையில் சோற்றுத் தட்டோடு கதவருகே வந்தாள்.

"நீங்க கெளம்புங்கண்ணே. உம்மா காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.